ஒரு ஆள் சூடு

வாத்திய அறைக்கு நான்தான் பொறுப்பு. இசை அரங்கின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. சூடு ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும், இரண்டும் மாறி மாறி வந்தால் பிளந்துவிடும். அதனால் உள்ளே ஏ.சி. ஒருநாளும் நிற்காது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியும்படி, சூட்டைக் காட்டும் கருவி ஒன்று சுவரில் இருக்கிறது.

மனித உடம்பும் ஓர் அடுப்புதான். ஒருவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் முள் ஒரு கோடு ஏறும். இருவர் என்றால் இரண்டு. அரட்டையடிக்க வருகிறவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஃப்ரிட்ஜ்’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் தம்பி இங்கேதான், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோ வாசித்தான். போன கோடையில் அதைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். மேல்பலகை பிளந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினான். நான் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். பிறகு திடீரென்று மாரடைப்பு. சமாதானம் ஆவதற்கு அவகாசமே கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டான், பாவி.

விரிசலை ஒட்டி முடித்து அந்தச் செல்லோ அறைக்குத் திரும்பிய அன்று, முள் ஒரு கோடு ஏறியது. உள்ளே யாரும் இல்லை. மறுநாளும் அது இறங்கவில்லை.

மெக்கானிக் வந்து ஏ.சி.யைக் கழற்றி மாட்டினார்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கற மாதிரியே காட்டுது.”

“யாரு, உங்க மாமனாரா?”

“நீங்க வேணா உள்ள போய் நில்லுங்க. ரெண்டு கோடு ஏறுதான்னு பாக்கறேன்.”

நின்றேன். நெடுநேரம் கழித்துக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்தினார்.

“அப்பவும் ஒண்ணுதான் காட்டுது! உங்கள ஆளாவே சேத்துக்கல போல!”

அவர் சிரித்தார். நான் வந்தால் எழுந்து போகிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான்.

அன்று மாலை செல்லோவை எடுத்துப் பார்த்தேன். ஒட்டிய இடம் மயிரிழை அளவுக்கு வாய் திறந்திருந்தது. இந்தச் சூடு இப்படியே நீடித்தால் மொத்தமாக விட்டுவிடும், அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

மறுநாள் மதியம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். செல்லோவுக்கு எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தேன்.

“டேய், வீம்பு போதும். போகாத, உட்காரு. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். கார்ல வெச்சது நீ. ஆனா ஒரு வார்த்தை பேசாமலே போயிட்ட பாரு, அது எனக்கு ஆறவே இல்லடா.”

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

முள் ஒரு கோட்டில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து இரண்டாவது கோட்டைத் தொட்டது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் கதகதப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது.

செல்லோவிலிருந்து ‘டக்’கென்று ஒட்டு விடுகிற சத்தம் வந்தது.

“கேட்டுச்சா? நாம இங்க இருந்தா அது போயிடும். எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்.”

கதவைத் திறந்து, ஓர் ஆள் கடந்து போக வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பிறகு சாத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இறங்கி, வெகுநாளைக்கப்புறம் அதன் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் என் கணவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

“என்ன இப்படிப் புழுங்குது? இருக்கறதே ரெண்டு பேர்.”

எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“தொறக்காதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் அவர் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது.