எழுபது என்று அழுத்திய விரல்

மீனம்பாக்கத்தில் விமானக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலம் ஒரு மாதமாக மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ரத்னா குவைத்துக்கு எழுதிப்போட்டாள், வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருஷ ஒப்பந்தம். வீட்டில் கஷ்டம் ஒன்றுமில்லை. வெளியே போய் நாலு இடம் பார்க்க அவளுக்கு ஆசை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

1974 ஆவணியில் அவள் புறப்பட்ட அன்று, வழியனுப்ப அவள் அண்ணன் பச்சையப்பன் பெரியபாளையத்திலிருந்து வந்திருந்தான். "மாப்ள, எங்ககூட வர்லியா?" என்று கேட்டான்.

"அந்த ஏரோப்ளேன்லதான் எனக்கு டியூட்டி" என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் முதல் ரயிலைப் பிடித்துவிட்டான்.

விமானம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று, புறப்படுமுன் வழிகாட்டும் கருவிக்கு எண்களால் சொல்லியாக வேண்டும். அதை வைத்துத்தான் அது கடலுக்கு மேலே வழி கணக்கிடும். சொன்ன பிறகு பதினேழு நிமிடம் விமானம் அசையக் கூடாது. வடக்கே பன்னிரண்டு டிகிரி ஐம்பத்தொன்பது, கிழக்கே எண்பது டிகிரி பத்து. அவன் விரலுக்கே மனப்பாடமான எண்கள். அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும்போது பின்னால் பயணிகள் ஏறினார்கள். "என் சீட்டு எதும்மா?" என்று ரத்னா யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. அவன் திரும்பவில்லை.

பத்து நிமிடம் கழித்து, எண்கள் எழுதியிருந்த அட்டையோடு ஒப்பிட்டபோதுதான் கண்டான். எண்பதுக்குப் பதில் எழுபது. கருவியின் கணக்கில் விமானம் அரபிக்கடல் நடுவே நின்றுகொண்டிருந்தது.

"தப்பா போட்டுட்டேன் சார். திரும்ப முதல்லேர்ந்து வைக்கணும்."

கேப்டன் ஜோசப் ஏற இறங்கப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"பதினேழு நிமிஷம்."

"லாக் புக்ல எழுதிடு." அவன் மறுபடி அழுத்த, ஒவ்வொரு எண்ணையும் அவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பிறகு, "உன் சம்சாரம் இதுலதான் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாத்துட்டு வா. இத நான் பாத்துக்கறேன்" என்றார்.

ரத்னா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி.

"லேட்டாம்ல?"

"நான்தான் நம்பரத் தப்பா போட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "வேணும்னேவா?"

"சத்தியமா இல்ல ரத்னா. கை தவறிப்போச்சு."

அவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். "ஒரு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தீங்களே."

"வாயத் தொறந்தா போவாதன்னு சொல்லிடுவேன். அதான்."

"சொல்லியிருந்தா?"

"நின்னுருப்பே. அப்பறம் ஆயுசுக்கும் ஏக்கமா இருப்பே."

அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அவன், "கம்பளி சட்டை எடுத்துக்கினியா?" என்றான்.

"அது பாலைவனம்ங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்ச நேரமெல்லாம் அவன் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மசியை அவள் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அது போகவில்லை.

நேரமானதும் எழுந்து போய்க் கருவியைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. இறங்கிவிட்டான். விமானம் கிழக்கே எழும்பிக் கடல் மேல் வளைந்து திரும்பியது.

மறுநாள் மெமோ வரும் என்று மேலதிகாரி சொன்னார். தலையாட்டிவிட்டுச் சாயங்கால ரயிலில் திருவள்ளூருக்கு வந்தான். கொல்லையில், முந்தின நாள் அவள் துவைத்துப் போட்ட, ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வெள்ளைப் புடவை கொடியிலேயே கிடந்தது. எடுத்து வைக்க மனம் வரவில்லை. உள்ளே போய்க் காகிதம் எடுத்து உட்கார்ந்தான். ஒரு மாதம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அவளுக்கு எழுத ஆரம்பித்தான். நான்கு பக்கம் ஆன பிறகும் முடியவில்லை.