கித்தே

சீலாவின் கணவன் பற்றிக் பாரிஸுக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். சீக்கிரம் அவளையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். போன இடத்தில் ஊமைபோல நிற்கக்கூடாதென்று அவள் பக்கத்து வீட்டு இன்பமலரிடம் பிரெஞ்சு படித்தாள். இன்பமலர் புதுச்சேரியில் பிறந்தவள். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைபார்த்த ஆனந்தராசாவைக் கட்டி வந்தவள். குசினியில் மீன் வெட்டியபடியே சொல்லிக்கொடுப்பாள்.

அந்தக் கிழமை படித்தது 'கித்தே' என்ற வினை. விட்டுப்போவது என்று பொருள். லத்தீனில் அமைதியைக் குறித்த சொல்லாம். கடன் தீர்ந்து நிம்மதியானவனைச் சொல்லப் புறப்பட்டு, கடைசியில் விட்டுப்போகிறவனிடம் வந்து நின்றதாம். ஜு கித், தூ கித், இல் கித். நான், நீ, அவன் மூன்றுக்கும் ஒலி ஒன்றுதான். நடந்து முடிந்ததென்றால் 'இல் ஆ கித்தே', அவன் விட்டுப்போனான்.

ஒரு நாள் காலை, துறைமுக வீதியில் வலைக்கடை வைத்திருந்த, சீலா அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அபூதாஹிர், பாரிஸிலிருந்து அழைப்பு என்று ஆள் அனுப்பினார். பற்றிக் வழக்கமாக அவர் கடைத் தொலைபேசிக்குத்தான் எடுப்பான். சீலா ஓடினாள். பேசியது பற்றிக் அல்ல. யாரோ ஒரு பெண் பிரெஞ்சில் பேசி அழுதாள். அவள் பேச்சில் சீலாவுக்குப் பிடிபட்டது பற்றிக்கின் பெயரும் அந்த வினையும் மட்டுமே. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

பற்றிக் பாரிஸை விட்டுப் புறப்பட்டுவிட்டான், வீட்டுக்கு வருகிறான் என்று சீலா நினைத்தாள். அபூதாஹிரிடமும் அப்படியே சொல்லிவிட்டு இன்பமலரிடம் வந்தாள்.

இன்பமலர் கத்தியைக் கீழே வைத்தாள். சீலாவைக் கதிரையில் இருத்தினாள். பிரெஞ்சுக்காரர் செத்தவரையும் இதே வினையால்தான் சொல்வார்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கோ. 'நூ' எண்டு வந்ததோ? 'நூ' எண்டால் எங்களை. செத்த வீட்டில அப்பிடித்தான் சொல்லுவினம்."

சீலா கண்ணை மூடி அந்தக் குரலை நினைத்துப் பார்த்தாள்.

"இல்லை அக்கா. இல் மா கித்தே."

இன்பமலர் மீன் கையைச் சேலையில் துடைத்தாள். சீலா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவர் உயிரோட இருக்கிறாரோ?"

"ஓம், உயிரோடதான். அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார் எண்டு அவள் சொல்லியிருக்கிறாள்."

மாதாவே என்று நெஞ்சில் கைவைத்த சீலாவுக்கு, அந்த 'என்னை' யாரென்பது அதன் பிறகுதான் விளங்கியது. நெஞ்சிலிருந்த கை அப்படியே நின்றது.

அடுத்த கிழமை பற்றிக் அழைத்தான். புது அறைக்கு மாறியதாகவும் விசாவுக்கு அலைவதாகவும் சொன்னான். சீலா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொம்பிளை ஏன் எனக்கு எடுத்து அழுதவள்?"

"நீர் என்ர தங்கச்சி எண்டு அவளிட்டச் சொல்லியிருந்தனான்."

சீலா ரிசீவரை மேசையில் கிடத்தினாள். அதில் அவன் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன தங்கச்சி, என்ன நடந்தது?" என்று அபூதாஹிர் கேட்டார். "ஒன்றுமில்லை நானா, இனிமேல் இந்த அழைப்பு வந்தால் எனக்கு ஆள் அனுப்ப வேண்டாம்" என்றாள். பிறகு வெயிலில் இறங்கி, கடற்கரைப் பக்கமாக நடந்தாள்.