மூத்தாளை விற்கப் போன வாரம்

கார் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் வந்தாள். அப்படிப் பார்த்தால் கார் மூத்தாள், அவள் இளையாள். கல்யாணமான புதிதில் வேடிக்கைக்காக அவளே வைத்த பெயர் அது. பத்தொன்பது வருடத்தில் வேடிக்கை கழன்று விழுந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூத்தாள் நல்ல சிவப்பு. இரண்டே கதவு. அதில் யாரும் ஏறி உட்காருவதில்லை, விழுகிறார்கள். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். முன்விளக்குகள் உள்ளே மடங்கிக் கிடக்கும், சுவிட்சைத் தட்டினால் இமை திறப்பதுபோல மேலே எழும். ஒன்று உடனே எழும், மற்றது யோசித்துவிட்டு எழும். அவளுடைய கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர். இந்த ஒரு சோம்பேறிக் கண்ணைச் சரிசெய்ய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. "அதுதான் அவளுக்கு அழகு" என்பார். அந்த 'அவளுக்கு' காதில் விழும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். இவளும்தான் ஐந்து வருடமாகக் கண்ணாடி போடுகிறாள். அழகு என்று ஒரு வார்த்தை வந்ததுண்டா? பவர் கூடியிருக்கிறது என்றுதான் வந்தது.

அவள் பல் கட்டும் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுக்கிற வேலை. ஒரு முடியளவு கூடிப்போனாலும் பல்செட் வாயில் நிற்காது. அப்படிப்பட்ட கண்ணுக்குத் தன் வீட்டு அநியாயம் தெரியாமல் இருக்குமா? வீட்டில் கூரை போட்ட ஷெட் ஒன்றுதான். அதில் மூத்தாள் துணி போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். தினமும் ஓடி உழைக்கிற அவளுடைய சின்னக் கார் தெருவில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அவர் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தால் முதலில் ஷெட்டுக்குப் போவார், பிறகுதான் வீட்டுக்குள் வருவார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட இந்த வரிசை மாறியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பே அவள் அதில் ஏறுவதை விட்டுவிட்டாள். தான் உட்காரும் சீட்டுக்கு அடியில் 'டக்' என்று ஏதோ தட்டுகிறது என்று ஒருநாள் சொன்னாள். ஓட்டுகிற எனக்குக் கேட்கவில்லை, உனக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்றார். இன்னொரு நாள் சொன்னாள். பழைய வண்டி என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும் என்றார். மூன்றாவது நாள், "இனிமே நான் இதுல ஏறல" என்று இறங்கிவிட்டாள். அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

இந்த வருடம் மூத்தாளுக்கு வயது நன்றாகவே தட்டிவிட்டது. மாதத்தில் மூன்று வாரம் மெக்கானிக்கிடம், ஒரு வாரம் வீட்டில். அவருக்கும் முழங்கால் மடங்க மறுத்தது. ஒருநாள் காரிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி, "வித்துடலாமா?" என்றார். அது கேள்வியா பெருமூச்சா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவர் வாய் மூடுவதற்குள் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய லேபுக்குப் பாதி வேலை அனுப்புகிற பல் டாக்டருக்கு இந்த மாதிரி கார்கள் மேல் பைத்தியம் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே பேசி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அந்த வாரம் முழுவதும், மூத்தாள் மெக்கானிக்கிடம் இருந்த நாளில்கூட, ஷெட்டில் கூடுதலாக அரைமணி நேரம் நின்றார்.

சனிக்கிழமை அவளே வாளியும் துணியுமாக மூத்தாளைத் துடைக்கப் போனாள். முதல்நாள்தான் மெக்கானிக் கொண்டுவந்து விட்டிருந்தான். சக்களத்தியை அலங்காரம் செய்து வேறு வீட்டுக்கு அனுப்புவதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். உள்ளே துடைப்பதற்காகப் பக்கத்து இருக்கையில் விழுந்தபோது முழங்கால் முன்பலகையில் இடித்தது. ஆறு வருடத்துக்கு முன் காலை நீட்டி உட்கார்ந்த இடம். குனிந்து பார்த்தாள். இருக்கையை யாரோ இரண்டு படி முன்னால் தள்ளியிருந்தார்கள். இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே கை விட்டபோது ஒரு கொண்டைக் கிளிப் வந்தது. பழுப்பு நிறம், ஒரு பல் உடைந்தது.

அவள் தலைமுடியைக் கழுத்தளவு வெட்டி எட்டு வருடமாகிறது.

அவர் கூடத்தில் காரின் காகிதங்களைத் தேடுகிற பேரில் ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் கிளிப்பை வைத்தாள்.

"இது யாரோடது?"

அவர் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்?"

"சீட்டு ரெண்டு படி முன்னாடி போயிருக்கு. என்னைவிடக் குட்டையான பொம்பள. யாருங்க அவ?"

அவர் முகம் மாறியது. பத்தொன்பது வருடமாக அந்த முகத்தைப் படித்தவள் அவள். மாட்டிக்கொண்டவனின் முகம் அல்ல அது. பறிகொடுத்தவனின் முகம். முழங்கால் வலியையெல்லாம் மறந்து ஷெட்டுக்கு ஓடினார். ஓட்டுநர் இருக்கையில் விழுந்து பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார், ஸ்டீயரிங்கை முகராத குறையாகக் குனிந்து பார்த்தார். "கண்ணாடியும் திரும்பியிருக்கு. அவன்தான்! அந்த மெக்கானிக் எவளையோ ஏத்திக்கிட்டு என் வண்டியில ஊர் சுத்தியிருக்கான்!"

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாலி கட்டியவள் சந்தேகப்பட்டு நிற்கிறாள், அது அவர் காதிலேயே ஏறவில்லை. காரை இன்னொருவன் தொட்டுவிட்டான் என்று நெஞ்சு துடிக்கிறது.

"என்னை ஒருத்தன் ஏத்திக்கிட்டுப் போயிருந்தா இப்படி ஓடி வந்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நீ வண்டி இல்லையே" என்றார், அவளைப் பார்க்காமலே.

கிளிப்பையும் எடுத்துக்கொண்டு, அவளுடைய சின்னக் காரில்தான் இருவரும் மெக்கானிக் கடைக்குப் போனார்கள். மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தரையில் பள்ளம், பள்ளத்தின் மேல் ஒரு வேன், மூலையில் ரேடியோ தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து சிரித்தான்.

"என் வண்டியில யாரைக் கூட்டிக்கிட்டுப் போன?" என்றார் கணவர்.

மெக்கானிக் பலமாகத் தலையாட்டினான். "ஆமா சார். பிரேக் இப்ப கல்லு மாதிரி நிக்கும்."

அவர் இன்னொரு முறை கேட்டார். அவன் இன்னொரு முறை தலையாட்டினான். அப்போது கொட்டகையின் பின்னறையிலிருந்து ஒரு பெண் வந்து ரேடியோவை அணைத்தாள். குட்டையானவள். வாரிச் சுருட்டிய கொண்டையில், கிளிப் இல்லாத குறைக்கு, ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"அவருக்குக் காது கேக்காது சார். என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

அவள் மெக்கானிக்கின் மனைவி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். இருபது வருடம் தகரம் தட்டியதில் அவனுக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதில் பாதிதான் மிச்சம். காது கேட்காதவனிடம் யார் வண்டி விடுவார்கள்? அதனால் வெளியே சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு வண்டியையும் அவன் ஓட்டிப் பார்ப்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். சத்தம் வந்தால் அவன் தொடையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் என்ஜின், இரண்டு தட்டு என்றால் அடியில், மூன்று என்றால் பின்னால். சந்தேகம் தீராவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதி வண்டிக்குள் வைப்பாள்.

கண்ணாடிக்காரர் ஆறு வருடமாக இந்த மெக்கானிக் முன்னால் நின்று 'கர்ர்', 'கிர்ர்', 'விஸ்ஸ்' என்று வாயாலேயே மூத்தாளின் நோயெல்லாம் நடித்துக் காட்டியவர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு முழுக் கச்சேரியே செய்திருந்தார்.

"உங்க வண்டியில ஒரு சத்தம்தான் எனக்கு இன்னும் பிடிபடல சார்" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "என் சீட்டுக்கு அடியில வளைவுல திரும்புறப்ப டக்குனு ஒண்ணு. ஓட்டுறவங்களுக்குக் கேக்காது. பக்கத்துல உக்காந்தாத்தான் தெரியும். எழுதிக்கூட வச்சேனே?"

என் சீட்டு. அந்தச் சொல் இவளுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அதைவிடப் பெரிய குத்து அடுத்ததாக வந்தது. கணவர் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. 'பக்கத்து சீட்டு அடியில் சத்தம். கவனிக்கணும்.'

"இவன் எழுதினதுன்னு நெனச்சேன்" என்றார். "எங்க போனாலும் இதைக் காட்டி, எதுக்கு இப்படி வரும்னு கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொன்னப்ப?"

"நீ சும்மா குறை சொல்றேன்னு நெனச்சேன்."

காரின் மேல் இருந்த பொறாமை அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. கார் பாவம், இரும்பு. அவள் வாயால் மூன்று முறை சொன்னபோது காற்றில் போனதை, முகம் தெரியாத ஒருத்தி எழுதி வைத்ததும் அவர் பர்ஸில் மடித்து நெஞ்சோடு வைத்திருக்கிறார். கிளிப்பைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இதற்கு முன்னால் தூசு. எதிரே நிற்பவள் நல்லவள், ஒரு தப்பும் செய்யாதவள், அதனாலேயே அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "ஒரு கிளிப் விட்டுட்டேன், கண்ணுல பட்டுச்சா அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, கிளிப்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, "பாக்கலையே" என்று கூசாமல் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் கணவர் பொருமினார். கண்டவரெல்லாம் ஏறி இறங்கிய வண்டி இனி எனக்கு வேண்டாம், நாளைக்கே டாக்டர் கொண்டுபோகட்டும் என்றார். பத்தொன்பது வருடமாகக் கேட்க ஏங்கிய பேச்சு அது. அவள் கிளிப்பைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குப் பல் டாக்டர் மனைவியோடு வந்தார். மூத்தாளைச் சுற்றி மூன்று முறை வந்தார், சோம்பேறிக் கண் எழுவதைப் பார்த்துக் கைதட்டினார். கணவர் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தார். டாக்டரின் மனைவி இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"அது என் சீட்டு" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. லேபுக்கு வருகிற பாதி வேலை அந்த நிமிடம் கண்முன் வந்து போனது. போனால் போகட்டும்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். வண்டியை விக்கல."

டாக்டர் சிரித்துப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், கடைசியில் வாயை இறுக்கிக்கொண்டு இறங்கினார். இறங்க அவருக்கும் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீதானே?" என்றார்.

"வண்டியை எடுங்க."

அவள் உள்ளே விழுந்தாள். அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, இருக்கையைப் பின்னால் தள்ளினாள். ஒரு படி. இரண்டு படி. காலை நீட்டினாள். மூத்தாள் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பினாள். நேர்த் தெருவில் ஒன்றுமில்லை. மரக்கடைப் பக்கம் வளைந்தபோது வந்தது, ஆறு வருடத்துக்கு முந்தைய அதே 'டக்', துளிகூட மாறாமல். அவள் கணவரின் தொடையில் இரண்டு முறை தட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். காரை ஓரமாக நிறுத்தினார், கதவைப் பிடித்துத் தொங்கி இறங்கினார், சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். மடங்க மறுக்கிற முழங்காலை மடக்கித் தெருவிலேயே மண்டியிட்டுக் காதை அவள் இருக்கைக்குக் கீழே கொண்டுபோனார்.

"எந்த இடத்துல வருது? காட்டு" என்றார்.

அவள் உடம்பைச் சாய்த்து ஆட்டினாள். டக். "பின்னாடி, அந்த மூலைல. கம்பி தரையோட சேர்ற இடம்." அவர் கையை விட்டுத் தடவினார். துருப்பிடித்த தகடு விரலோடு ஆடியது.

"இத்தனை நாள் இதுதானா?" என்றார். விரலைத் தகட்டிலிருந்து எடுக்கவில்லை. அழுதால் அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று அவள் வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள்.

அவர் எழுந்திருக்கக் கை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, ஒரு பல் உடைந்த கிளிப்பை எடுத்து, முன்பலகையின் மேல் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள்.

"முதல்ல மெக்கானிக் கடைக்குப் போங்க. இதை அவகிட்ட கொடுக்கணும். நான் இறங்க மாட்டேன், அவ இங்க வந்து வாங்கிக்கட்டும்" என்றாள். "அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்னும் சொல்லுங்க. என் முன்னாடி சொல்லுங்க."

பிறகுதான் கையைக் கொடுத்தாள்.