தட்டில் ஏறிய பெயர்

ஜன்னல்களை அடைத்துக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டுப் பதிவாகும் மெழுகுத் தட்டில் தெருச் சத்தம் ஏறிவிடக் கூடாது. ஆகஸ்ட் மாத வெக்கை மட்டும் எப்படியோ உள்ளே வந்திருந்தது. சான் ஆண்டோனியோவில் அந்த ஹோட்டல் அறைக்குள் வாத்தியக்காரர்கள் ஏழு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு மைக்கைச் சுற்றிக் காத்திருந்தார்கள். மூலையில் ஒரு தொட்டி நிறையப் பனிக்கட்டி, அதற்குப் பின்னால் மின்விசிறி. பதிவு தொடங்கும்போது விசிறியையும் நிறுத்திவிடுவார்கள்.

ஹோமர் பூன் பிடில் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு பிடில்காரன் டூயி. ஆர்கன்சாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"அண்ணே, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க. வேர்வை கண்ணுல இறங்குது."

"வேர்வையும் உன்னைத்தான் தேடி வருதா? குடுத்து வெச்சவன்டா நீ."

ஸ்டீல் கிட்டார்க்காரன் சிரித்தான். டூயியும் சிரித்தான். ஹோமர் துண்டைக் கொடுக்கவில்லை.

குழுத் தலைவன் கிளெட்டஸ் ரேனியின் வழக்கம் டெக்சாஸ் முழுக்கத் தெரியும். பாட்டுக்கு நடுவில் ஒருவன் தனியாக வாசிக்க முன்னே வரும்போது, ரேனி கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் பெயரைக் கூவுவான். நடனக் கூடத்தில் ஜனங்கள் அதைத் திருப்பிக் கூவுவார்கள். ரேனி கூவிய பெயரைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஹோமரும் அவனும் ஒரே வயலில் பருத்தி எடுத்தவர்கள். அவன் முதன்முதலாகக் கூவியதே ஹோமரின் பெயரைத்தான். இப்போது காலையிலிருந்து கூவியதெல்லாம் டூயி.

"கடைசிப் பாட்டு" என்றான் ரேனி. "தனி வாசிப்புல முதல் சுத்து ஸ்டீல். ரெண்டாவது டூயி."

"நானு?"

"நீ பின்னாடி துணை பிடி ஹோமர். உன்னை மாதிரி யாரால பிடிக்க முடியும்?"

சிவப்பு விளக்கு எரிந்தது. ரேனி பாடினான். ஸ்டீல் கிட்டார் தன் சுற்றை முடித்தது. ரேனி தலையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கூவினான்.

"வாடா டூயி!"

டூயி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஹோமரின் கால் நகர்ந்துவிட்டது. மைக்குக்கு முன்னால் அவன் நின்றான். அந்தப் பெயர் காதில் விழுந்த எரிச்சலிலேயே வில்லைத் தந்திமேல் போட்டான். இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்தான். தாளம் போகட்டும் என்று பின்னால் தங்கினான். விட்டுவிட்டான் என்று மற்றவர்கள் நினைத்த இடத்தில் ஓடிவந்து பிடித்தான். அப்படி அவன் முன்பு வாசித்ததில்லை.

"அப்படிப் போடு டூயி!" என்று ரேனி மறுபடியும் கூவினான். கண்ணைத் திறந்தபோது சுற்று முடிந்திருந்தது.

பதிவு செய்பவர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார். "இதுதான்யா! இதைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருந்தேன்."

"இன்னொரு தடவை எடுப்போங்க" என்றான் ஹோமர். "பேரு மாறிப்போச்சு."

"பேரு மாறினா என்ன? பாட்டு மாறலையே." அவர் மெழுகுத் தட்டை ஏற்கனவே பெட்டியில் வைத்துவிட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது ரேனி அவன் கையைப் பிடித்தான். "அடுத்தவன் முறையில ஏன்டா பூந்த?"

ஹோமர் கையை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கினான்.

இலையுதிர் காலத்தில் தட்டு வெளிவந்தது. பியர்க் கடை தவறாமல், காசு போட்டால் பாடும் பெட்டிகளில் அது சுழன்றது. வேக்கோ என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஹோமர் பீன்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, எண்ணெய்க் கிணற்று ஆட்கள் இரண்டு பேர் பாட்டுப் பெட்டிமேல் சாய்ந்து நின்றார்கள்.

"இப்ப வரும் பாரு... டூயி! கையா அது?"

"அது டூயி இல்லீங்க" என்றான் ஹோமர்.

"பின்ன, நீயா?" இருவரும் சிரித்தார்கள். "காதுல என்ன, பஞ்சா? அதான் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்களே."

சனிக்கிழமை நடனங்களில் கூட்டம் அந்தச் சுற்றைத்தான் கேட்டது. டூயி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, எனக்கு அது வரமாட்டேங்குது. ஒருவாட்டி காட்டுங்களேன்."

"உன் பேருதானே இருக்கு. நீயே தேடிக்க."

டூயி ஒரு தட்டை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அது தேயும்வரை கேட்டான். கிறிஸ்துமஸுக்குள் ஒரு இழுப்பு பிசகாமல் வாசித்தான். ஹோமர் பின்னால் நின்று துணை பிடித்தான். தன் கையிலிருந்து போனது அடுத்தவன் கையில் அழகாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஜனவரியில் ஒரு மாவு மில் தன் விளம்பரத்துக்காக அவர்களை வானொலியில் வாசிக்க அமர்த்தியது. ஒரு பிடில் போதும் என்றார்கள். ரேனி குழுவின் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னான்.

"அதை வாசிச்சது நான்டா, கிளெட்டஸ்."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும்." ரேனி புகையிலையைத் துப்பினான். "தட்டு கேக்கிறவனுக்குக் கண்ணு ஏது? அவங்க டூயியைக் கேக்கிறாங்க. நான் போயி என் வாய் பொய் சொல்லுச்சின்னு சொல்லவா?"

ஹோமர் டல்சாவுக்குப் போனான். அங்கே ஒரு குழுவுக்குப் பிடில்காரன் வேண்டியிருந்தது. பகலில் நடனக் கூடம் காலியாக இருந்தது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். கண்ணாடி போட்ட கனத்த மனிதர், அந்தக் குழுவின் தலைவர், மேடை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். ஹோமர் அந்தச் சுற்றை வாசித்தான்.

"மோசமில்ல. டூயி மாதிரி வாசிக்கிறேன்னு தினம் ஒருத்தன் வர்றான். அவங்களுக்கு நீ தேவலை. நடுவுல ஒரு இடம்தான் உதைக்குது."

"ஐயா, அந்தத் தட்டுல வாசிச்சது நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. "முந்தாநாள் வந்தவனும் அதையேதான் சொன்னான்."

எழுந்துபோய்க் கிராமபோனில் அந்தத் தட்டைப் போட்டு, முள்ளை எடுத்து வைத்தார். ரேனியின் குரல் கூவியது. பிடில் தொடங்கியது.

"இங்க. எப்படித் தங்குறான் பாத்தியா? நீ அவசரப்படுறே." முள்ளைத் தூக்கி அதே இடத்தில் மறுபடி வைத்தார். "இன்னொருவாட்டி கேளு."

ஹோமர் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு பிடிலைத் தாடையடியில் வைத்து அந்த இடத்தை வாசித்தான்.

"கிட்ட வந்துட்டே" என்றார் அவர். "இன்னொருவாட்டி."