எல்னாவின் இருபத்திரண்டாம் அத்தியாயம்

உலகம்மாளுக்கும் இசக்கிசெல்விக்கும் சேர்த்து ஒரே பாய்தான். ஆனால் அந்த மாதம் முழுக்க இருவரும் அதில் ஒன்றாகப் படுத்ததில்லை. செல்போன் கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஓவர்டைமும் சேர்த்து காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஒரு கூட்டம், மாலை ஏழிலிருந்து விடிய ஏழு வரை இன்னொரு கூட்டம். ஞாயிறும் கிடையாது. இசக்கிக்குப் பகல், உலகுக்கு ராத்திரி. ஸ்ரீபெரும்புதூரில் எழிலரசியக்கா வீட்டு மாடி அறையில் இப்படி நாலு பாய், எட்டுப் பெண்கள்.

இருவரும் முகம் பார்ப்பது கம்பெனி வாசலில் மட்டும். உள்ளே போகிற வரிசையும் வெளியே வருகிற வரிசையும் செக்யூரிட்டியின் இரண்டு பக்கமும் நகரும். நின்றால் பிடரியில் கை விழும். போகிற போக்கில் ஒரு வாக்கியம் கத்தலாம், அவ்வளவுதான்.

மற்றதையெல்லாம் கேசட்டில் பேசிக்கொண்டார்கள்.

இசக்கிக்கு வேலை இன்ஸ்பெக்‌ஷனில். செல்போனுக்குள் போகிற போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, கடுகைவிடச் சின்ன ஈயப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் கண்ணில் தண்ணீர் வடியும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். ஊரில் இருந்தவரை வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு உயிரை விட்டவள், இங்கே வந்து எட்டு மாதத்தில் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடப் பக்கத்தில் உள்ளவர்களிடம் கேட்டுத்தான் ஏறினாள்.

உலகு பேக்கிங்கில் இருந்தாள். அவள் கண் நன்றாக இருந்தது. கிளை நூலகத்தில் உறுப்பினராகி, ஒருவரும் தொடாத அலமாரியிலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வந்து படித்தாள். பனி பெய்கிற ஊர்கள், மரக்கப்பல்கள், கம்பளிக் கையுறை போட்ட பெண்கள். ஒருநாள் இசக்கி, “ஏளா, உனக்கு மட்டும் சிரிப்பு சிரிப்பா வருது. எனக்கும் வாசிச்சுக் காட்டேன்” என்றாள். அப்படித்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்தப் பழக்கம் தொடங்கியது. பிளாட்பாரத்தில் கிடைத்த பழைய பக்திப் பாட்டுக் கேசட்டுகளின் மேல்பக்க ஓட்டையில், பாட்டை அழித்துவிட்டுப் பதிவதற்காகப் பேப்பரை ஒட்டி, அறையிலிருந்த டேப் ரெக்கார்டரில் உலகு வாசித்துப் பதிந்து வைப்பாள். இசக்கி வேலை முடிந்து வந்ததும் நனைத்த துணியைக் கண்மேல் போட்டு, காதில் இயர்போனைச் செருகிப் படுத்துக்கொள்வாள். கேட்டு முடித்ததும் கேசட்டின் கடைசியில் நாலு வார்த்தை தானும் பேசி வைப்பாள்.

விடிகாலை வேலை முடிந்து வரும் உலகு, தூங்குவதற்கு முன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் பதிவாள். துணி காயப்போட வரும் எழிலரசியக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

“இன்னாமே, தொட்டியாண்ட தனியா பேசிக்கினு கீற? மந்திரிச்சு வுடணுமா?”

“கத வாசிக்கேன்க்கா.”

“கதையா? வயசுப் பொண்ணுக்குத் தூக்கம்தான் கதை. போய்ப் படு.”

அந்த மாதம் ஓடியது எல்னாவின் கதை. வடக்கே ஏதோ ஒரு மீன்பிடி ஊர். எல்னாவுக்குப் பதினேழு வயது. மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை. தோமாஸ் அக்கரைக்குப் படகு ஓட்டுகிறவன். இசக்கி அந்தப் பெண்ணோடு அப்படியே ஒட்டிக்கொண்டாள்.

“ஏளா உலகு,” என்றது ஐந்தாம் கேசட்டின் கடைசியில் அவள் குரல், “அந்த எல்னாவுக்கு உப்புல கை வெடிச்சிருக்குன்னு வாசிச்சல்லா, எனக்குக் கண்ணு எரிஞ்சுது பாத்துக்கோ. அவளுக்கு மட்டும் கெட்டது எதுவும் நடந்துச்சு, நான் அந்தக் கண்ணாடிக்கு அடியிலேயே தலைய வச்சுப் படுத்துருவேன். பொறவு, ஒரு சங்கதி. நம்ம பதினாலாம் நம்பர் கம்பெனி பஸ் டிரைவர் இருக்காருல்லா, இளம்பரிதி, இன்னைக்கும் எனக்கு முன் சீட்டுப் போட்டு வச்சிருந்தாரு. ‘கண்ணு கலங்கிக்கினு கீது, படி தடுக்கும், பாத்து ஏறு’ன்னாரு. சிரிக்காத.”

உலகு சிரித்தாள். வாலாஜாபாத் பக்கத்து டிரைவர் பேச்சை இசக்கி பேசிக் காட்டிய விதம் அப்படி. அதற்குமேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை. புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்கள் மிச்சம். இருபத்தொன்றில் எல்னா ஒருவருக்கும் சொல்லாமல் தோமாஸின் படகில் ஏறுகிறாள். இருபத்திரண்டை உலகு முதல்நாளே படித்துவிட்டிருந்தாள். படித்து, பாயில் குப்புறப் படுத்து அழுதும் ஆகிவிட்டது. அக்கரையில் பனிக்காலம் முடிவதற்குள் தோமாஸ் அவளை விட்டுப் போகிறான். எல்னா தனியாகத் திரும்பி வருகிறாள். அப்பா கதவைத் திறக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய கொட்டகை, பழைய உப்பு.

இதை எப்படி இசக்கிக்கு வாசிப்பது? கண்ணில் ஈரத்துணியோடு இருட்டில் படுத்திருப்பவள் காதில் இதை எப்படி ஊற்றுவது? உலகு இருபத்தொன்றை வாசித்து முடித்தாள். பட்டனை நிறுத்தப் போனவள் நிறுத்தவில்லை. புத்தகத்தில் இல்லாத இரண்டு வாக்கியங்கள் அவள் வாயில் தானாக வந்து நின்றன.

“எல்னா படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் அந்தத் துறைமுகம், ஒரு பழைய உடுப்பைப் போல, மெல்லக் கழன்று விழுந்தது. முற்றும்.”

திருப்பிப் போட்டுக் கேட்டபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அச்சடித்த மாதிரியே இருந்தது. எங்கே புத்தகம் முடிகிறது, எங்கே தான் தொடங்குகிறோம் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். தவணை கடந்துவிட்டதால் அன்று மத்தியானமே புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை கேசட்டில் பதில் இல்லை. அசந்து தூங்கியிருப்பாள் என்று உலகு நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை இருந்தது.

“உலகு, ரெண்டு தடவ கேட்டேன். ‘கழன்று விழுந்தது.’ அந்த எடத்துல எனக்கு உடம்பெல்லாம் ஆடிருச்சு. ரெண்டு வாரமா இளம்பரிதி ஒரு கேள்வி கேட்டுட்டு இருக்காரு, நான் பதில் சொல்லாம இருந்தேன். நேத்து சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல, சனிக்கெழம, இங்க இருந்தே போறோம். ஓசூர் பக்கம் அவருக்கு லாரி வேல இருக்காம். எங்கண்ணன் நெல்லையப்பன் தேடி வந்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. அப்பா என்னைய இனி ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு, தெரியும். ஆனா இன்னும் ரெண்டு வருசம் இந்தக் கண்ணாடிக்கு அடியில இருந்தா நான் யாரையுமே பாக்க முடியாதுல்லா? எல்னா ஏறினால்லா. நானும் ஏறுதேன்.”

உலகு டேப்பை நிறுத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இளம்பரிதி நல்லவனா கெட்டவனா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒருத்தி தன் வாழ்க்கையைத் தூக்கி வைக்கப் போகிற பலகையை இவள்தான் செய்து வைத்திருக்கிறாள், அதற்கடியில் தண்ணீர்.

திரும்பி வந்து தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். புதுக் கேசட்டைப் போட்டாள். புத்தகம் கையில் இல்லாமல், நினைவில் இருந்ததை அவசர அவசரமாகச் சொன்னாள்.

“இசக்கி, நான் பொய் சொல்லிட்டேன். கத அங்க முடியல. இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு. தோமாஸ் சொல்லாமக் கொள்ளாமப் போயிருதான். எல்னா தெருத்தெருவாத் தேடுதா. பொறவு ஊருக்கே திரும்பி வந்துருதா. அவ அப்பா பேசவே இல்ல. மறுபடியும் அதே உப்பு. நெசமா இதுதாம்ளா கத. நீ அழுவன்னு நான்தான் மறைச்சேன். போகாத. நாளைக்கு நூலகம் தொறந்ததும் புத்தகத்த எடுத்துட்டு வாரேன். ஒருநாள் பொறுத்துக்கோ.”

இன்று வேலைக்குப் போகாமல் அறையிலேயே உட்கார்ந்து, இசக்கி வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். ஆர்டர் நேரத்தில் சொல்லாமல் நின்றால் கான்ட்ராக்ட் போய்விடும். கேசட்டில் தெளிவாகச் சொல்லியாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பின்னால் எத்தனையோ தடவை அவள் மனதுக்குள் திரும்பிப் போய் நின்றது இந்த இடத்தில்தான்.

வாசலில் வெளிவரும் வரிசையில் இசக்கியைப் பார்த்தாள். கண் சிவந்து, முகம் மட்டும் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருந்தது.

“இசக்கி! புதுக் கேசட்டு வச்சிருக்கேன். கண்டிப்பாக் கேளு!”

“கேக்கேன், கேக்கேன். ஏன் இந்தக் கத்து கத்துத?”

“போயிராதளா!”

“ஏம்மா, லைன்ல போ” என்று செக்யூரிட்டி தள்ளினான். இசக்கி சிரித்தபடி கையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே போகிற வரிசையில் இசக்கி இல்லை. பதினாலாம் நம்பர் பஸ்ஸில் வேறு டிரைவர் இருந்தான். உலகு அறைக்கு வந்தபோது மூலையில் இசக்கியின் பை இல்லை. டேப்பில் குரல் இருந்தது.

“உலகு, கேட்டேன். எனக்குக் கோவமில்ல. என்னைய விட மனசில்லாமத்தான் இப்படிச் சொல்லுத, தெரியுது. ஆனா ஏம்ளா, புத்தகம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு மாசமா உன் வாயிலதான கேக்கேன். ‘ஒரு பழைய உடுப்பைப் போல’ன்னு வாசிச்ச பாரு, அது புத்தகம். ‘சொல்லாமக் கொள்ளாமப் போயிருதான்’னு எந்த வெளிநாட்டுக்காரன் எழுதுவான்? இது நீயாக் கட்டுன கத. கட்டுறதுதான் கட்டுன, கொஞ்சம் நல்லாக் கட்டியிருக்கக் கூடாதா?” குரல் சிரித்தது. “ரூம்ல மத்த பிள்ளைய எந்திச்சிருவாளுவ. வாரேன்.”

உலகு அன்று மத்தியானம் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். வாசித்துக் காட்ட ஆளில்லை. மறுநாளே எழிலரசியக்கா பாயில் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து உலகு எஸ்.டி.டி. பூத்திலிருந்து இசக்கியின் ஊருக்குப் போன் போட்டாள். நெல்லையப்பன் எடுத்தான். “எங்க வீட்டுல பொம்பளப்பிள்ள கெடையாது” என்றான். வைத்துவிட்டான்.

சில மாதம் கழித்து, தை பிறந்து இரண்டாவது வாரம், உலகு பகல் ஷிப்டுக்கு மாறியிருந்தாள். பதினாலாம் நம்பர் பஸ்ஸில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். ஸ்டீரிங்கில் இளம்பரிதி. புதுச் சட்டை. டாஷ்போர்டில் புதுப் பூ.

“இசக்கிசெல்வி எங்க?”

“எந்த… ஓ, அதுவா? அது அப்பவே போய்டுச்சுமா. ஒரு மாசம்கூட என்கூட இல்ல. ஊருக்குப் போறேன்னு சொல்லிச்சு.”

“ஊருக்கு வரல. பொங்கலன்னைக்குக்கூடப் போன் போட்டுக் கேட்டேன்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? ஏறு, டைம் ஆவுது.”

அன்று வேலை விட்டதும் உலகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர் தணிகாசலம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “காணாமப் போன பொண்ணுக்கு நீ இன்னா உறவு?” என்று கேட்டார்.

“ஒரே ரூம்.”

“அது உறவா? அப்பன், அண்ணன் யாரையாவது வரச் சொல்லு.”

“அவங்க வர மாட்டாங்க சார்.”

“அவுங்களுக்கே வோணாம்ன்றப்ப உனக்கு எதுக்குமா?” தாள் மறுபடியும் மேசைக்குள் போயிற்று.

மறுநாள் காலை பஸ்ஸில் உலகு சீட்டுக்குப் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். “இசக்கிசெல்வி எங்க?” அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கண் விழித்துப் பார்த்தார்கள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். அதிகாரி இராமச்சந்திரன் மரியாதையாகத்தான் பேசினார். “டிரைவருக்குத் தொந்தரவு குடுக்கறதா டிராவல்ஸ்காரன் கம்ப்ளெய்ண்ட் பண்ணியிருக்கான்மா. ஆக்சிடென்ட் ஆச்சுன்னா யாரு பொறுப்பு? மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடு. வேற பஸ்ஸுக்கு மாத்தி விடுறேன். முடிஞ்சுது.”

வெள்ளைத் தாளும் பேனாவும் முன்னால் வந்தன. உலகு பேனாவைத் திறந்தாள். பணிவான வாக்கியங்கள் அவளுக்கு வராமல் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் வரும், அச்சடித்தது போல வரும். ஒவ்வொன்றையும் ஒதுக்கினாள். பிறகு குனிந்து எழுதினாள்.

அவர் வாங்கிப் படித்தார். “இசக்கிசெல்வி எங்கே என்று டிரைவரிடம் நான்கு நாள் கேட்டேன். அவர் சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பேன். இப்படிக்கு, உ. உலகம்மாள், பேக்கிங்.”

“இது மன்னிப்புக் கடிதமா?”

“இதான் சார் நடந்தது.”

“வேற எழுதிக் குடுத்தாத்தான் நாளைக்குக் கேட்டுக்குள்ள விடுவாங்க. யோசிச்சுக்கோ.”

உலகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.