வாதியின் வலது காது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெஞ்சில் கிடைத்தது. ஒரு பத்திரத்தின் நகல் வாங்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளை. வராந்தா பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். மற்றவர் தலையாட்டினார். சொன்னவர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து, திரும்பவும் பேசினார். இந்த முறை மற்றவர் தலையாட்டவில்லை.

அந்த இரண்டாம் பேச்சில் முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே வழக்கைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள். ஒருவர் வாதிப் பக்கம் போய் நின்றார், இன்னொருவர் பிரதிவாதிப் பக்கம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவர்களை அண்ணன் தம்பி என்றல்லவா நினைத்திருந்தேன்!

பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறேனோ அங்கெல்லாம் ஒட்டு தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'தொழில் தகராறுகள் நீதிமன்றப் படியேறும்போது உறவுகள் என்னும்...'

(அடித்துவிட்டேன். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது போல இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: 'லேத் பட்டறையில் இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்துகொண்டிருந்த காலையில் மாப்பிள்ளை...'

(பரவாயில்லை. ஆனால் யார் இந்த மாப்பிள்ளை? ஆளைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்லக் கூடாது.)

ஆகவே முறைப்படி தொடங்குகிறேன். இரும்பைக் கடையும் ஒரு லேத் பட்டறை. தொழிலில் பங்காளிகள் இரண்டு பேர். மெஷினில் நிற்பவர் மச்சான். முன்பக்கம் வாடிக்கையாளர்களைப் பார்ப்பவர், மச்சானின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. பழைய லேத்தை விற்றுவிட்டு கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் வாங்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. ஆசை என்றும் சொல்ல முடியாது. பழைய ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் பட்டறையில் வைத்து மச்சானிடம் கேட்டார். மச்சான் "ஆமா" என்றார். ஆளைப் பிடித்து, விலை பேசி, லாரியும் வந்து நின்றபோது, மச்சான் லேத்தின் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டார்.

"எவனக் கேட்டுடா இதத் தூக்குறீங்க?"

"மச்சான், நீங்கதானே சரின்னீங்க!"

"நானா? என் கையை வெட்டி விக்கிறதுக்கு நானே சரிம்பேனா? நல்லா இருக்கு மாப்ள, ரொம்ப நல்லா இருக்கு."

பங்காளிகள் இருவரும் சம்மதிக்காமல் மெஷினை விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். சம்மதிக்கவில்லை என்று மச்சான் வழக்குப் போட்டார். சம்மதித்தார், என் காதால் கேட்டேன் என்று மாப்பிள்ளை பதில் போட்டார். அந்த ஒற்றை 'ஆமா' உண்டா இல்லையா என்பதுதான் மொத்த வழக்கும். உண்டென்றால் லேத் போகும். இல்லையென்றால் மாப்பிள்ளை பொய்யர்.

3

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மச்சானுக்கு இடது காது கேட்காது. எத்தனையோ வருஷம் மெஷின் பக்கம் நின்ற காது. வெளியே தெரிந்தால் வேலை வராது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட. வாடிக்கையாளர் இடப்பக்கம் நின்று பேசினால் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பை ஒட்டிக்கொள்வார். பேசுகிறவரின் மோவாயைப் பார்ப்பார். "ஆமா" என்பார்.

மாப்பிள்ளை மட்டும் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வாடிக்கையாளர் பேசி முடித்ததும் மச்சானின் வலப்பக்கம் வந்து நின்று, உரக்க, வாடிக்கையாளரிடமே கேட்பது போலக் கேட்பார்: "அதாவதுண்ணே, உள்வட்டம் கொஞ்சம் இறுக்கமா வேணும்ங்கறீங்க. அவ்வளவுதானே?" எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று வாடிக்கையாளர்கள் மெச்சிப் போவார்கள். விஷயம் போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

(அப்படியானால் அந்த 'ஆமா' எப்படிப்பட்ட 'ஆமா' என்று மாப்பிள்ளைக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வாசகர் கேட்பது நியாயம். ஆறாம் பகுதிவரை பொறுக்கவும்.)

4

வாய்தா நாளன்று காலை, மாப்பிள்ளையின் வீடு. இந்தப் பகுதி முதல் பிரதியில் இல்லை. ஒரு பெண் பேசாமல் இந்தக் கதை முழுக்க இரும்பு வாடை அடித்ததால் சேர்த்தேன்.

"அண்ணன நிக்க வெச்சுக் கேள்வி கேக்கப் போறீங்களாமே?"

"நான் கேக்கல. வக்கீல் கேப்பாரு."

"ஓஹோ. வக்கீலுக்கு யாரு ஃபீஸ் பேசினது, நானா?"

"இங்க பாரு, உங்க அண்ணன் என்னப் பொய்யன்னு எழுதிக் குடுத்திருக்காரு. சும்மா இருக்கச் சொல்றியா?"

அவள் சமையலறைக்குள் போனாள். சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். வழக்கத்தைவிட ஓர் அடுக்கு கூடுதல்.

"இது எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் வெச்சிருக்கேன். தீர்ப்பு யாருக்காச்சும் ஒருத்தருக்குத்தான் வரும். பசி ரெண்டு பேருக்கும் வரும்ல?"

5

சாட்சிக் கூண்டு நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏறி நின்ற மச்சானின் வலப்பக்கம் நீதிபதி, இடப்பக்கம் வக்கீல்கள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. எந்தக் காது எந்தப் பக்கம் என்பதை மாப்பிள்ளை அப்போதே கவனித்துவிட்டார்.

மாப்பிள்ளையின் வக்கீல் காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நீதிபதியைப் பார்த்தபடி கேட்டார்: "பழைய லேத்த வித்துடலாமான்னு என் கட்சிக்காரர் கேட்டப்போ, நீங்க சரின்னு சம்மதிச்சீங்க. உண்மைதானே?"

மச்சானின் முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. கண் காகிதத்துக்குக் கீழே தெரிந்த வக்கீலின் மோவாய்க்குப் போனது.

"ஆமா."

மச்சானின் வக்கீல் விலுக்கென்று நிமிர்ந்தார். நீதிபதி பேனாவை நிறுத்தினார். "பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னா சொல்றீங்க?"

இது வலக்காது. நன்றாகவே கேட்டது. கேட்ட நொடியில், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால், எனக்குக் காது கேட்கவில்லை ஐயா என்று...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

"ஆமாங்கய்யா."

எழுதிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம் என்று நீதிபதி எழுந்தார். திருத்தம் இருந்தால் அப்போது சொல்லலாம். படித்துக் காட்டுகிற குமாஸ்தாவின் நாற்காலியும் இடப்பக்கம்தான்.

* மச்சானின் வக்கீல் என்ன ஆனார், அவர் கேட்கமாட்டாரா என்பீர்கள். கட்சிக்காரர் மேல் வந்த கோபத்தில் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேண்டீனுக்குப் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறேன். இது பலவீனமான இடம். ஒட்டு தெரியும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

6

மாப்பிள்ளையின் வக்கீல் அவர் தோளைத் தட்டினார். "முடிஞ்சுது சார். அவரே நம்ம வேலையச் செஞ்சு குடுத்துட்டாரு."

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சிரிப்பும் மோவாயைப் பார்த்த கண்ணும் அவருக்குப் புதியவை அல்ல. லேத்தை விற்கலாமா என்று கேட்ட அன்றும் மச்சானின் முகம் இப்படியேதான் இருந்தது.

அன்று இவர் எந்தப் பக்கம் நின்று கேட்டார்?

இதை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். அவசரம், மனசு நிறையப் புது மெஷின். நின்ற இடத்திலிருந்தே கேட்டுவிட்டார். அது இடப்பக்கமாக அமைந்துவிட்டது. இன்னொன்றில், வழக்கம்போல வலப்பக்கம் போகக் கால் நகர்ந்தது. பாதியில் நின்றது.

இரண்டாவதை எழுதியதும் மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. முதலாவதை எழுதியதும் அவரை நம்ப முடியாமல் போயிற்று. பாவம், அவரையே கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார். தினமும் தானாகப் போன கால் அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று அவர் வராந்தாவில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சாப்பாட்டு அடுக்கு.

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார். வழக்கு ஜெயிக்கிறது, புது மெஷின் வருகிறது. அதை ஓட்ட ஆள் தேடுகிறார். (வீட்டில் யார் சோறு போடுவது என்று எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன்.)

கூண்டருகே ஓடிப்போய், "ஐயா, அவருக்கு அந்தக் கேள்வி கேக்கல!" என்று கத்துகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் எத்தனையோ வருஷம் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மறைத்ததை ஊர் முன்னால் போட்டு உடைத்தால், மச்சானுக்கு லேத் கிடைத்தாலும் அதில் வேலை கிடைக்குமா? அடித்துவிட்டேன்.

மூன்றாவது சமரசம். இருவரும் கட்டிப்பிடித்து... (வேண்டாம்.)

மூன்றையும் கிழித்துவிட்டு, நான் பார்த்த பெஞ்சுக்கே திரும்புகிறேன்.

மச்சான் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை போய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்கிறார். "உங்க தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்துவிட்டிருக்கா. சாப்பிடலாமா மச்சான்?" மச்சான் சிரித்தமுகமாகத் தலையாட்டுகிறார். ஆனால் அடுக்கின் பக்கம் திரும்பவில்லை, கையும் நீளவில்லை. மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்க்கிறார்.

பிறகு எழுகிறார். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போகிறார். வலப்பக்கம் உட்கார்கிறார்.

"அதாவது..."

இதுதான் என் காதில் விழுந்த அந்த முதல் வார்த்தை. அதற்குள் யாரோ நாற்காலியை இழுத்துவிட்டார்கள். அப்புறம் அவர் சொன்னது சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கலாம். வக்கீல் கேட்ட கேள்வியாக இருக்கலாம். அன்று பட்டறையில் தானே கேட்டதாகவும் இருக்கலாம். மச்சான் தலையாட்டவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் திரும்பி மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். மோவாயை அல்ல.

உள்ளே கூப்பிட இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கையெழுத்தும் இன்னும் ஆகவில்லை. மாப்பிள்ளை தொடங்கிய அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துவையுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.