எட்டு இல்லாத எண்

நிலக்ஷி வந்து அரைமணி நேரமாகியும் அம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மழைக்கு ஒதுங்கியவருக்குக்கூட ஒரு கோப்பை கிடைத்துவிடும். அம்மாவுக்கு அவ்வளவு பயம். நிலக்ஷி இருபத்தாறாம் திகதி பிறந்தவள். இரண்டும் ஆறும் எட்டு. எட்டாம் நம்பர் மருமகள் வந்தால் வீடு இரண்டுபடும் என்று அட்டனில் எண் பார்க்கிறவர் சொல்லிவிட்டார்.

அம்மா ராக்காயி ஒன்றாம் நம்பர். அவள் எந்த மாதம் பிறந்தாள் என்பது அவளைப் பெற்றவர்களுக்கே நினைவில்லை. அடையாள அட்டை எடுக்கும்போது யாரோ ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுவிட, அன்றிலிருந்து அதுவே அவளுடைய ராசியான நம்பராகிவிட்டது. கேலி செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொழுந்து பறித்தே என்னைக் கணக்கு வாத்தியாராக்கியவள். அவள் சம்மதிக்காமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நிலக்ஷியிடம் சொல்லியிருந்தேன். கொட்டகலையில் என்னுடைய பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அவள். "அப்ப அவங்களயே கேப்போம்" என்று பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அம்மாவைச் சமாதானப்படுத்த நான் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"இங்க பாரும்மா." 12345679 என்று அடித்தேன். "இதுல எட்டு மட்டும் இல்ல. பாவம், யாரோ வெளிய தள்ளிட்டாங்க. இப்ப அந்த எட்டாலயே பெருக்குறேன்."

98765432.

"பாத்தியா? அப்பிடியே திரும்பி வரிசையா நிக்குது. எட்டும் உள்ள வந்திருச்சு. என்ன கெட்டுப்போச்சு?"

வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது.

"ஒண்ணு எங்க?"

எத்தனையோ தடவை காட்டிய கணக்கு. ஒன்று காணாமல் போவதை நான் பொருட்படுத்தியதே இல்லை.

"எட்டு வந்தா ஒண்ணு வெளிய போயிரும். அதத்தான அட்டன்காரரும் சொன்னாரு" என்றாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாஸ்திரமெல்லாம் அப்புறம்தான். இந்தச் சின்ன வீட்டில் இனித் தனக்கு இடம் இருக்குமா என்பதுதான் அவள் கவலை. பெற்ற பிள்ளைக்கு அது அன்றுதான் உறைத்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நிலக்ஷி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இவரு கணக்க பாதியில விட்டுட்டாரு அத்தை. எட்ட மட்டும் சேத்தா அப்பிடித்தான். எட்டோட ஒண்ணையும் சேத்துக்குங்க. ஒம்பதாச்சா? மொத நம்பர இப்ப ஒம்பதால பெருக்குறேன்."

111111111.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கிற மாதிரி, திரை முழுக்க ஒன்றுகள்.

"அம்புட்டும் ஒண்ணா?" அம்மா தொட்டுப் பார்த்தாள். விரல் எதிலோ பட்டு எல்லாம் அழிந்துபோனது. "அய்யோ, அழிச்சிட்டேனே!"

"அதனால என்னங்க அத்தை, திரும்ப போடுங்க."

அம்மா கொழுந்துக்கறை ஏறிய விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஏழு வரை வந்ததும் நிறுத்தி நிலக்ஷியைப் பார்த்தாள்.

"எட்டு வேணாமில்ல?"

"இப்ப வேணாங்க அத்தை. அது பொறவு வரும்."

அம்மா ஒன்பதை அழுத்தினாள். பெருக்காமலே போனை நிலக்ஷியின் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய், தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்தலை வைத்தாள்.